மோதவில்லை, ஆனால் மோதியிருக்கும்: சாலை ஆபத்தை விநாடிகளில் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துச் சாலைச் சந்திப்புகளை வீடியோவில் பதிவு செய்து, வண்டிகள் எவ்வளவு நெருங்கின, எத்தனை விநாடி மிச்சம் வைத்து விலகின என்று அளந்து பார்க்கும் வேலை என்னுடையது. சாலையோரம் கேமரா முக்காலியை நிறுத்தினாலே யாராவது வந்து நிற்பார்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பள்ளி ஆசிரியர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பஸ் வந்ததும் பாதியில் நின்றுபோகும் பதில்களை ஒருமுறையாவது முழுதாக எழுதிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்களின் தோரணையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் வரும் வேகமும் தூரமும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. எந்தச் சந்திப்பிலும் அளந்தவை அல்ல.

எத்தனை விபத்து நடந்தது என்று போலீஸ் கணக்கு இருக்கிறதே, அதைப் பார்த்தால் எந்த இடம் ஆபத்து என்று தெரிந்துவிடாதா?

தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது 'கரும்புள்ளி'. நான்காவது விபத்துவரை அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள் பதிவாகின. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். நாட்டளவில் இவ்வளவு பெரிய எண், ஒரு தெருமுனைக்கு வரும்போது ஆண்டுக்கு ஒன்று, இரண்டு, சில ஆண்டு சுழியம் என்று சுருங்கிவிடுகிறது. சுழியத்திலிருந்து இரண்டானால் நிலைமை மோசமாகிவிட்டதா, அல்லது அது வெறும் தற்செயலா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பைக்குகள் உரசி, அங்கேயே பேசி, கண்ணாடிக்குக் காசு கைமாறிப் போகிற சம்பவங்கள் ஸ்டேஷன் வாசலையே பார்ப்பதில்லை. நம் பக்கத்தில் கூடுதலாக ஒரு தொல்லை: பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்று சொல்லும் நிலப்பரப்பில் எஞ்சியிருந்த வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாலாஜா முதல் வாணியம்பாடி வரை ஒரே நெடுஞ்சாலைதான். கணக்கு மூன்று இடங்களில் இருக்கிறது. பழைய மாவட்ட எண்ணையும் புதிய மாவட்ட எண்ணையும் பக்கத்தில் வைத்து 'விபத்து குறைந்துவிட்டது' என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மோதாத வண்டிகளைப் பார்த்து மோதலை எப்படி அளப்பீர்கள்? வேடிக்கையாக இருக்கிறதே.

ஒவ்வொரு மோதலுக்கும் பின்னால், கடைசி நொடியில் பிரேக் போட்டுத் தப்பியவை பல இருக்கும். அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் நெருங்கி விலகியவை அதைவிடப் பல. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டர் ஹைடன் 1987-ல் இதை ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். உச்சியில் மரணம், அதற்குக் கீழே காயம், அதற்குக் கீழே வண்டிச் சேதம், பிறகு மயிரிழையில் தப்பியவை, அடித்தளத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் கடந்துபோனவை. உச்சியில் இருப்பதை எண்ண ஆண்டுகள் ஆகும். நடுவில் இருப்பதை ஒரு காலைப் பொழுதில் எண்ணிவிடலாம்.

யோசனை அவருக்கும் முந்தையது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பெர்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர் சந்திப்புகளில் நின்று, எந்த வண்டியின் பிரேக் விளக்கு திடீரென எரிகிறது, எது சட்டென்று ஒடித்துத் திரும்புகிறது என்று எண்ணினார்கள். அந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. பயந்த சுபாவக்காரர் தேவையில்லாமல் பிரேக் போடுவார். துணிந்தவர் போட வேண்டிய நேரத்திலும் போடமாட்டார். நம் ஊரில் பல வண்டிகளில் பிரேக் விளக்கே எரிவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, பாவம். அதனால்தான் பிரேக்கை எண்ணுவதை விட்டு விநாடியை அளக்கும் முறைகள் வந்தன.

டி.டி.சி., டி.டி.சி. என்கிறீர்கள். கணக்கு வராத எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

இந்த நொடியில் போகும் வேகத்திலேயே, போகும் திசையிலேயே இரண்டு வண்டிகளும் தொடர்ந்தால் மோதுவதற்கு எத்தனை விநாடி மிச்சம் என்பதுதான் டி.டி.சி., அதாவது 'டைம் டு கொலிஷன்'. 1972-ல் ஹேவர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை அளவுகோலாக முன்வைத்தார். நடுவில் உள்ள தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் போதும்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஒரு சரக்கு லாரி மணிக்கு 54 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 15 மீட்டர். பின்னால் ஒரு கார் 90-ல் வருகிறது. விநாடிக்கு 25 மீட்டர். நெருங்கும் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். நடுவில் 30 மீட்டர் இருந்தால் டி.டி.சி. 3 விநாடி. கார் ஓட்டுபவர் கைப்பேசியைப் பார்த்து ஒன்றரை விநாடி கழித்து நிமிர்ந்தால், மிச்சம் 15 மீட்டர், ஒன்றரை விநாடி. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்திலுள்ள எல்லாக் கணக்கையும் நீங்களே சரிபார்க்கலாம்.

அப்படியானால் இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போனால் ஆபத்தே இல்லை என்றாகிறதே?

டி.டி.சி. அப்படித்தான் சொல்லும். நெருங்கும் வேகம் சுழியம் என்றால் மோதவே மாட்டார்கள் என்பது அதன் கணக்கு. அந்த அளவுகோலின் பெரிய குருட்டுப் புள்ளி இது. முன்னால் போகும் காரும் பின்னால் போகும் காரும் 90-ல், நடுவில் 10 மீட்டர். டி.டி.சி. முடிவிலி. முன்னவர் குறுக்கே வந்த நாயைப் பார்த்து ஓரளவு பலமாக, விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறையும்படி பிரேக் போடுகிறார். பின்னவருக்கு உறைக்க ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியில் இடைவெளி 7.5 மீட்டராகி, நெருங்கும் வேகம் 5 மீட்டராகிவிடும். முடிவிலியாக இருந்த டி.டி.சி. ஒரே விநாடியில் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. அதன்பின் பின்னவரும் அதே பலத்தில் பிரேக் போட்டாலும் இருவரின் வேக வித்தியாசம் குறையாது, மோதல் நிச்சயம்.

ஆகவே பின்தொடரும் வண்டிகளுக்கு இடைவெளி நேரத்தையும் சேர்த்து அளக்கிறோம். முன் வண்டி கடந்த புள்ளிக்கு நீங்கள் எத்தனை விநாடியில் வந்து சேர்கிறீர்கள்? மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது வெறும் 0.4 விநாடி. இருவர் பிரேக்கும் சமம் என்றால், உங்களுக்கு உறைக்க ஆகும் நேரத்தைவிட இந்த இடைவெளி அதிகமாக இருந்தே ஆக வேண்டும். இரண்டு விநாடி என்றால் 90-ல் 50 மீட்டர். பெங்களூர் சாலையில் 50 மீட்டர் விட்டு ஓட்டினால் நடுவில் இரண்டு கார்கள் புகுந்துவிடும் என்று சொல்வார்கள். புகட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

ஒன்றரை விநாடிக்குக் கீழே போனால் ஆபத்து என்கிறார்கள். யார் வைத்த கணக்கு அது?

பலர் புழங்கிப் புழங்கி நிலைத்த எல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2008-ல் வெளியிட்ட எஸ்.எஸ்.ஏ.எம். என்ற, இப்படிப்பட்ட நெருக்கங்களை எண்ணும் மென்பொருளிலும் டி.டி.சி.க்கு 1.5 விநாடிதான் இயல்பு எல்லையாக வைத்திருக்கிறார்கள். பொதுவாக, கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஆகும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் நம் நாட்டுச் சாலைகளை வடிவமைக்கும்போது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 2.5 விநாடி. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 120 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற அவர்களின் விதி அதை வைத்து வந்தது. களைத்தவர், வயதானவர், எதிர்பாராதவர் எல்லோருக்கும் சேர்த்து வைத்த தாராளம் அது. 1.5-ஐ 'இதற்குக் கீழே போய்த் தப்பித்தது அதிர்ஷ்டம்' என்ற கோடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 1.6 பாதுகாப்பு என்று அதற்குப் பொருள் இல்லை.

சந்திப்பில் குறுக்கே போகிறவர்களுக்கு என்ன அளவு? அங்கே யாரும் யார் பின்னாலும் போகவில்லையே.

அங்கே பி.இ.டி., அதாவது 'போஸ்ட் என்குரோச்மென்ட் டைம்' வசதியானது. இரண்டு வண்டிகளின் பாதைகளும் வெட்டிக்கொள்ளும் ஒரு சதுரத்தைத் தரையில் கற்பனை செய்யுங்கள். முதல் வண்டியின் வால் அந்தச் சதுரத்தை விட்டு வெளியேறிய நொடிக்கும், இரண்டாவது வண்டியின் மூக்கு அதற்குள் நுழைந்த நொடிக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஆலன், ஷின், கூப்பர் ஆகியோர் 1978-ல் கொடுத்த அளவு. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஓர் ஆட்டோ குறுக்கே பாய்ந்து வெளியேறிய 0.8 விநாடியில் அதே இடத்துக்கு டவுன் பஸ் வந்தால், பி.இ.டி. 0.8. அந்த ஆட்டோ புறப்பட ஒரு விநாடி தாமதித்திருந்தால் செய்தித்தாளில் வந்திருக்கும்.

இதன் அழகு, எந்த ஊகமும் தேவையில்லை என்பது. 'இதே வேகத்தில் தொடர்ந்தால்' என்று டி.டி.சி. கற்பனை செய்கிறது, பி.இ.டி. நடந்ததை மட்டும் சொல்கிறது. கடிகாரம் போதும், வேகம் அளக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், பஸ் ஓட்டுநர் முழுக்க நின்றுவிட்டு, ஆட்டோ போனபின் மெதுவாக எடுத்தால் பி.இ.டி. ஐந்தாறு விநாடி வந்துவிடும். அவர் எவ்வளவு பயங்கரமாகப் பிரேக் போட்டு நின்றார் என்பது அந்த எண்ணில் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் எல்லோரும் உரசுகிற மாதிரிதான் போகிறார்கள். உங்கள் கணக்குப்படி காலை முதல் இரவு வரை ஆபத்துதானா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன அளவுகளெல்லாம் அவரவர் தடத்தில் கார்கள் போகும் நாடுகளில் பிறந்தவை. நம் சாலையில் டி.வி.எஸ். 50, ஷேர் ஆட்டோ, கரும்பு டிராக்டர், டிப்பர் லாரி, தள்ளுவண்டி எல்லாம் ஒரே அகலத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பக்கவாட்டில் ஓர் அடி இடைவெளி இங்கே இயல்பு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு முன்னால் ஐடா ஸ்கடர் சாலையில் ஒரு மணி நேரம் நின்று ஒரு விநாடிக்குக் குறைந்த பி.இ.டி.களை எண்ணினால் கை வலிக்கும். ஆனால் அந்த நெரிசலில் வண்டிகள் நடைவேகத்தில் நகர்கின்றன; எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள். அங்கே அரை விநாடி என்பது நெடுஞ்சாலை அரை விநாடி ஆகாது.

ஹைடனின் ஸ்வீடன் முறை இதை அப்போதே கவனித்தது. விலகத் தொடங்கிய நொடியில் எத்தனை விநாடி மிச்சம் இருந்தது என்பதோடு, அப்போது என்ன வேகம் என்பதையும் சேர்த்துத்தான் அது ஒரு சம்பவத்தைக் கடுமையானது, லேசானது என்று பிரிக்கிறது. வேகம் கூடினால் அதிக விநாடி மிச்சம் இருந்தாலும் கடுமையான பக்கம் போய்விடும். ஐடா ஸ்கடர் சாலையில் எனக்கு உண்மையில் கவலை தருவது நண்பகல் நெரிசல் அல்ல. இரவு ஒன்பதரைக்கு மேல் சாலை காலியானதும் பைக்குகள் வேகமெடுக்கும். அப்போதும் மேற்கு வங்கத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள், இந்த ஊர் வழக்கம் தெரியாமல், மருந்துப் பையோடு கடந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் கனம்.

ஒரே ஒரு விநாடிதான் மிச்சம் என்றால் பஸ்ஸும் பஸ்ஸும் ஒன்று, பஸ்ஸும் பைக்கும் ஒன்றா?

மோதும் வாய்ப்பு ஒன்றாக இருக்கலாம். மோதினால் ஆகும் கதி வேறு. ஆளோடு சேர்த்து 200 கிலோ பைக்கும், 14,000 கிலோ பஸ்ஸும், ஒன்றையொன்று 40 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி மோதினால், நொடியில் பைக்கின் வேகம் ஏறத்தாழ 39.4 மாறும், பஸ்ஸின் வேகம் 0.6 மாறும். இந்தத் திடீர் வேக மாற்றம்தான் எலும்பை முறிக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பவருக்கு ஒரு குலுக்கல். 2022-ல் சாலையில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்பதற்கு இந்த எளிய கூட்டல் கழித்தலும் ஒரு காரணம்.

அதனால் எண்ணும்போது ஜோடிகளைப் பிரித்து எழுதுகிறோம்: பைக்கும் லாரியும், நடப்பவரும் காரும், ஆட்டோவும் ஆட்டோவும். எல்லாவற்றையும் கூட்டி 'இந்தச் சந்திப்பில் 212 நெருக்கங்கள்' என்று அறிக்கை எழுதினால் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஒன்றும் சொல்லாது.

பிரேக் நன்றாக இருந்தால் ஒன்றரை விநாடி போதுமே. என் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது.

எவ்வளவு பிரேக் தேவைப்படும் என்பதே ஓர் அளவு. நெருங்கும் வேகத்தை அதனாலேயே பெருக்கி, இடைவெளியின் இருமடங்கால் வகுங்கள். முதல் எடுத்துக்காட்டில் நெருங்கும் வேகம் 10, இடைவெளி 15 மீட்டர், டி.டி.சி. ஒன்றரை. தேவைப்படும் பிரேக், ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் 3.3 மீட்டர் குறைய வேண்டும் என்ற அளவு. சுமார் 3.4 வரை சாதாரண ஓட்டுநர் பதறாமல் போடுவார். இப்போது நெருங்கும் வேகம் 20, இடைவெளி 30 மீட்டர் என்று வையுங்கள். அதே ஒன்றரை விநாடி. ஆனால் தேவை 6.7. காய்ந்த சாலையில் நல்ல டயர் உள்ள காரின் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பாரம் ஏற்றிய லாரிக்கு அது கிடைக்காது.

ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. முதல் மழையில் பல மாதத் தூசியும் எண்ணெயும் குழம்பிய தார்ச்சாலையில், அதே விநாடிகள் இருந்தாலும் கிடைக்கும் பிரேக் குறைந்துவிடும். மழையில் டி.டி.சி. மாறுமா என்று தனியாகக் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: எண் மாறாது, அதன் கனம் மாறும்.

திருவண்ணாமலை சாலையில் ஓவர்டேக் செய்யும்போது எதிரில் பஸ் தூரத்தில்தான் தெரிகிறது. போகலாமா என்று எப்படி முடிவு செய்வது?

தூரத்தில் தெரிகிற பஸ் நிற்பதுபோல் தெரியும். அதுதான் கண்ணின் ஏமாற்று; நேர் எதிரில் வரும் பொருளின் உருவம் கடைசி வரை மெல்லத்தான் பெரிதாகும். கணக்குக்கு வருவோம். நீங்கள் 72-ல், பஸ் 72-ல் என்றால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 40 மீட்டர். முன்னால் 54-ல் போகும் லாரியைத் தாண்ட உங்களுக்குச் சாதகம் விநாடிக்கு 5 மீட்டர்தான். பின்னால் 10 மீட்டர், லாரி 10, உங்கள் கார் 4, முன்னால் 10 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும் என்றால் 34 மீட்டர். ஏறத்தாழ 7 விநாடி. அந்த 7 விநாடியில் நீங்களும் பஸ்ஸும் சேர்ந்து விழுங்கும் சாலை 280 மீட்டர். கணியம்பாடி தாண்டிப் பல இடங்களில் வளைவுக்கு முன் அவ்வளவு நேர்ச்சாலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் இதே கூட்டல்தான். 'மெதுவாகத்தானே வந்தேன்' என்பார்கள். அவர்களுடைய 30-உடன் எதிரே சரியாக வருபவரின் 50-உம் கூடும்.

நின்றுகொண்டிருந்த லாரியில் போய் மோதினார்கள் என்று செய்தி வருகிறதே. நிற்கிற வண்டியில் எப்படி மோத முடியும்?

இருட்டில் டி.டி.சி. ஓடத் தொடங்குவது வண்டி இருக்கும் இடத்திலிருந்து அல்ல, அது கண்ணில் படும் இடத்திலிருந்து. பின்விளக்கும் ஒளிப்பட்டையும் இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் தூசி படிந்த லாரி, தாழ்ந்த முகப்பு வெளிச்சத்தில் 50 மீட்டரில் தெரிந்தால் நல்ல காலம். 90-ல் வருபவருக்கு அது 2 விநாடி. ஐந்தாவது பதிலில் சொன்ன 2.5 விநாடியை நினைத்துப் பாருங்கள். வடிவமைப்பு அனுமதிக்கும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும் ஓட்டுநர், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே மோதியிருப்பார். 60-ல் வந்திருந்தால் 3 விநாடி; ஒன்றரை விநாடியில் உறைத்தவர் பதற்றத்தோடு நிறுத்தலாம். பகலில் அந்த இடத்தை வீடியோ எடுத்தால் ஓர் ஆபத்தும் தெரியாது. இரவு அளவீட்டைத் தனியாகச் செய்யாத எந்த அறிக்கையையும் நான் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

வேகத்தடை போட்டால் முடிந்ததே?

சில இடங்களில் முடியும். ஸ்வீடனின் யோரான் நில்சன் காட்டிய தொடர்பின்படி, சராசரி வேகம் 5 விழுக்காடு குறைந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 18, 19 விழுக்காடு குறையும். ஆக, வேகத்தைக் குறைப்பது நல்ல முதலீடு. ஆனால் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடு. நம் தெருக்களில் ஓரிரவில் முளைப்பது ஒரு முழ அகலச் சுவர். வெள்ளைக் கோடும் முன்னறிவிப்புப் பலகையும் இல்லாத அந்தச் சுவரில் முன்னவர் திடீரென அழுத்துவார். பின்னவருக்கு நான்காவது பதிலில் சொன்ன கதிதான்.

நாங்களே கைப்பேசியில் எடுத்து அளக்கலாமா? பெரிய கருவி வேண்டுமா?

பி.இ.டி.க்குக் கைப்பேசி தாராளம். சந்திப்பைப் பார்க்கும் இரண்டாவது, மூன்றாவது மாடி கிடைத்தால் நல்லது. தரைமட்டத்தில் எடுத்தால் ஒரு பஸ் வந்து பத்து பைக்குகளை மறைத்துவிடும். கைப்பேசி அசையக் கூடாது. வழக்கமாக விநாடிக்கு 30 படங்கள் பதிவாகும். ஒரு படம் நகர்ந்தால் 0.033 விநாடி. படம் படமாக நகர்த்தும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆட்டோவின் வால் சதுரத்தை விட்ட படத்துக்கும் பஸ்ஸின் மூக்கு நுழைந்த படத்துக்கும் நடுவில் 24 படங்கள் என்றால் 0.8 விநாடி.

வேகம் வேண்டுமென்றால் போக்குவரத்து இல்லாத விடியற்காலையில் சாலையோரத்தில் 10 மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள் போடுங்கள். அந்த இரண்டையும் 24 படங்களில் கடந்தால் விநாடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45. சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது தூரத்துக் கோடுகள் நெருங்கித் தெரியும். ஆகவே படத்தில் அளவுகோல் வைத்துத் தூரத்தை ஊகிக்காதீர்கள், தரையில் போட்ட குறிகளை மட்டும் நம்புங்கள். சாலை நடுவில் இறங்கி அளக்க வேண்டாம். முகங்களும் நம்பர் பிளேட்டும் தெரியும் வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது எண். யாரையும் மாட்டிவிடுவது நோக்கமில்லை.

கணினியே எல்லாவற்றையும் எண்ணிவிடும் என்கிறார்களே?

எண்ணும். வண்டிகளை அடையாளம் கண்டு தொடரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. டிரோனிலிருந்து எடுத்தால் மறைப்பும் குறைவு. ஆனால் விநாடிக்கு 20 மீட்டர் போகும் வண்டி 25 படக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் 0.8 மீட்டர் நகர்ந்திருக்கும். வண்டியைச் சுற்றிக் கணினி வரையும் பெட்டி கொஞ்சம் தள்ளி விழுந்தாலே டி.டி.சி. கலைந்துவிடும். ஒட்டிப்போகும் இரண்டு பைக்குகளை ஒன்றாக்கிவிடும். ஒரு டிராக்டரையும் அதன் டிரெய்லரையும் இரண்டு வண்டியாக்கி, 'டி.டி.சி. 0.3, பேராபத்து' என்று அலறும். கணினி காட்டும் மிக ஆபத்தான சம்பவங்களை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். புதிய கார்களில் 'முன்னால் வண்டி' என்று ஒலியெழுப்பும் எச்சரிக்கையும் இதே டி.டி.சி. கணக்கை ஒட்டியதுதான்; கடைவீதியில் அது ஓயாமல் கத்துவதற்கும் இதே காரணம்தான்.

போன ஆண்டு ஆறு விபத்து. இரும்புத் தடுப்பு வைத்தோம், இந்த ஆண்டு மூன்று. தடுப்பு வேலை செய்ததா இல்லையா?

தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். நீண்ட காலச் சராசரி ஆண்டுக்கு மூன்று என்று இருக்கும் இடத்தில், ஏதோ ஓராண்டு ஆறு நடக்கும். அந்த ஆண்டில்தான் எல்லோரும் விழித்து ஏதாவது செய்வார்கள். அடுத்த ஆண்டு ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் எண் மூன்றை நோக்கித் திரும்பியிருக்கும். எஸ்ரா ஹாவர் என்ற அறிஞர் சாலைப் பாதுகாப்புத் துறையை இதற்காகவே பல ஆண்டுகள் எச்சரித்து வந்தார். சாமி கும்பிட்டது, பூசணிக்காய் உடைத்தது, தடுப்பு வைத்தது மூன்றுக்கும் ஒரே சான்றிதழ் கிடைக்கும்.

இங்கேதான் விநாடிக் கணக்கு கைகொடுக்கிறது. தடுப்புக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம், அதே கிழமை, அதே நேரம், அதே இடத்திலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். கூடவே எத்தனை வண்டிகள் கடந்தன என்பதையும் எண்ணுங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்துவிட்டு ஆபத்து பாதியானது என்றால் சிரிப்பார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளின் ஷிப்ட் விடும் நேரம் ஒரு தனி உலகம். அதை விட்டுவிட்டு மதியம் எடுத்த வீடியோவால் பயனில்லை. தடுப்பு அந்த இடத்தில் ஆபத்தைக் குறைத்து, இருநூறு மீட்டர் தள்ளி யூ டர்ன் போடும் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அங்கேயும் ஒரு கைப்பேசி நிற்க வேண்டும்.

இவ்வளவும் அளந்துவிட்டு, அடுத்த ஆண்டு இங்கே எத்தனை விபத்து நடக்கும் என்று சொல்லிவிடுவீர்களா?

நூறு தப்பித்தலுக்கு ஒரு மோதல் என்பது மாதிரி ஒரு நிலையான விகிதம் எல்லா ஊருக்கும் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்திப்புக்குச் சந்திப்பு, ஜோடிக்கு ஜோடி அது மாறும். புள்ளியியலில் அரிய பெருவெள்ளத்தைக் கணிக்கப் பயன்படும் உச்சமதிப்புக் கோட்பாட்டை 2006-ல் சோங்சிட்ருக்சா, டார்கோ இருவரும் பி.இ.டி.க்குப் பயன்படுத்தினார்கள். பி.இ.டி. சிறுத்துக்கொண்டே போய்ச் சுழியத்தைத் தாண்டினால் அது மோதல். ஆகவே மிகச் சிறிய மதிப்புகளின் போக்கை நீட்டிப் பார்த்து மோதலின் வாய்ப்பை மதிப்பிடலாம். சிறந்த வழி, ஆனால் சில மணி நேர வீடியோவில் அந்த நீட்டல் மிகவும் ஆடும். நான் இரண்டு இடங்களை ஒப்பிடவும், முன்பின் பார்க்கவும் மட்டுமே இந்த எண்களைத் துணிந்து பயன்படுத்துகிறேன்.

சரி, அளந்தாயிற்று. யாரிடம் கொடுப்பது? வாங்குவார்களா?

முதலில் சாலை யாருடையது என்று பாருங்கள். சென்னை–பெங்களூர் சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, ஊருக்குள் தெரு என்றால் மாநகராட்சி. பந்து மூன்று கால்களுக்கும் நடுவில் உருளும் இடங்கள் கிரீன் சர்க்கிள் போன்றவை. அதனால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கே எழுதுவது நல்லது. இந்தத் துறைகள் எல்லாம் அந்த மேசையில் உட்காரும். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறி அதனால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதை மிரட்டலாக எழுதாமல் ஒரு வரியில் நினைவூட்டினால் போதும்.

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வண்டிகள், அவற்றில் ஒரு விநாடிக்குக் குறைந்த நெருக்கங்கள் எத்தனை, எந்த ஜோடி, என்ன வேகம். சந்திப்பின் ஒரு கைவரைபடம், அதில் நெருக்கங்கள் நடந்த இடங்களில் புள்ளிகள். புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்திருந்தால் பொறியாளர் விளக்கமே கேட்கமாட்டார். வீடியோவைப் பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கிப் போய், நீங்கள் எண்ணிய படங்கள் அவர் திரையில் இருக்காது.